ஈறு கெட்ட

காலை நாலு பத்து. பொருபா டிப்போ.
மைனஸ் பதினொன்று.
ஏழாம் எண் டிராமின் கைப்பிடியைப் பற்ற
இவெட்டாவின் விரல்கள் மறுக்கின்றன.
தெர்மாஸ் மூடியில் கொதிநீர் ஊற்றி
ஒவ்வொரு விரலாய் நனைக்கிறாள்,
உறைந்த பூட்டைத் திறப்பவள்போல.
பயணிகளுக்கு இதெல்லாம் தெரியாது.
பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறாள்.

அந்தப் பல்லைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்று வருடமாய் ஆப்பிளைக் கடித்தால்
வெள்ளைச் சதையில் ஒரு சிவப்புக் கோடு.
தோலின் சாயம் என்று நினைத்தாள்.
துப்பிய நீர் தொட்டியில் இளஞ்சிவப்பாய் ஓடியபோது
சிவப்பு நிறப் பற்பசைக்கு மாறினாள்.
அதோடு பிரச்சினை தீர்ந்தது.
வலிக்காததை யார்
டாக்டரிடம் எடுத்துப் போவார்கள்?

ஒரு பல் ஆடிய பிறகுதான் போனாள்.
ஹவ்ரானெக்கின் நாற்காலியில் வாய் பிளந்து கிடக்க
மெல்லிய கம்பியொன்று பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே
இறங்கி ஆழம் பார்த்தது.
அவர் சொல்லச் சொல்ல உதவியாள் எழுதினான்:
மூன்று. இரண்டு. மூன்று.
நான்கு. நான்கு. ஆறு.
மூன்று. ஏழு.
ஏழு என் வண்டி, என்று சொல்ல நினைத்தாள்.
நாக்கின்மேல் கண்ணாடி இருந்தது.

"இந்தப் புண்ணையெல்லாம் பிரித்து விரித்தால்
உங்கள் உள்ளங்கை அளவு வரும்.
கையில் இவ்வளவு பெரிய புண் இருந்தால்
மூன்று வருடம் கையுறை மாட்டி மறைப்பீர்களா?"
அவள் தன் கையைப் பார்த்தாள்.
அவரும் அப்போதுதான் பார்த்தார்,
கணு கணுவாய் வீங்கிய அந்தக் கையை.

பள்ளியில் எங்களுக்கு ஒரு பாடம்:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
ஓடாக் குதிரை. வாடா மலர்.
கடைசி எழுத்து உதிர்ந்தும் சொல் விழாது,
அடுத்த பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
இன்னோர் உதாரணம் இப்போது தெரியும்:
மடங்கா விரல்.

அந்த ஊரின் நடுவே எமா என்றொரு குன்று.
சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி வளர்ந்தது.
எப்போதோ உள்ளே பிடித்த தீ இன்னும் அணையவில்லை.
உச்சியில் பனி தங்காது; ஜனவரியிலும் புல்.
காதலர்கள் ஏறிப்போய்ப் படம் எடுக்கிறார்கள்.
நீறு பூத்த நெருப்பு என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு.
ஈறு பூத்த நெருப்புக்கு இல்லை.
அழற்சி என்று எழுதும்போது
அதற்குள் இருக்கும் அழல் யார் கையைச் சுடுகிறது?

மூட்டு மருத்துவர் ஷிம்கோவா
ஏழாம் தடத்தின் மறுமுனையில்.
ஒன்பது வருடத்தில் ஒருநாளும்
வாயைத் திறங்கள் என்றதில்லை.
இரு மருத்துவர்களுக்கும் நடுவே பதினெட்டு நிறுத்தங்கள்.
ஒருவரை ஒருவர் அறியார்.
நாளுக்கு ஆறு முறை அந்தத் தூரத்தை
ஓட்டிக் கடந்தவள் இவள் ஒருத்திதான்.
ரத்தமும் அப்படித்தான் ஓடியிருக்கிறது,
டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை
எங்கும் இறக்கிவிடாமல்.

நான்கு அமர்வுகள்.
மரத்த உதடு, வழியும் எச்சில்,
காரை சுரண்டும் சத்தம் மண்டைக்குள்.
பல்லிடுக்கு நுழைய ஐந்து அளவில் குட்டித் தூரிகைகள்.

மூன்று மாதம் கழித்து, ரத்தப் பரிசோதனைத் தாளில்
பதினாலாய் இருந்த எண் ஒன்பது.
"ஈறாலா?"
"இருக்கலாம்," என்றார் ஷிம்கோவா.
"புது மாத்திரையாகவும் இருக்கலாம்.
மூட்டும் வாயும் ஒரே தீயில் எரிந்திருக்கலாம்.
சத்தியம் செய்யமாட்டேன்."
ஆனாலும் மேசை நாட்காட்டியில்
ஹவ்ரானெக்கின் எண்ணைக் குறித்துக்கொண்டார்,
பெயரைத் தப்பாக எழுதி.

விரல்கள் இன்னும் காலையில் முரண்டுகின்றன.
முன்பு இரண்டு மூடி கொதிநீர்; இப்போது ஒன்று.

டிராம் பாதைக்கு ஈறு கிடையாது.
கடைசி நிறுத்தத்தில் தண்டவாளம் வளைந்து
வந்த வழிக்கே திரும்புகிறது.
அந்த வளைவில் வண்டியை நிறுத்தி
ஆப்பிளைக் கடிக்கிறாள்.
சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
வெள்ளை. வெள்ளை.
ஓரிடத்தில் மட்டும், இடது கீழ்ப்பல் பதிந்த இடத்தில்,
ஒரு புள்ளி.

மணியடித்துக் கிளம்புகிறாள்.